படத்தில் வரும் அக்கா

ஐப்பசி, வெள்ளி இரவு.

வீடியோ காலில் இருந்தவர்கள்: போனில் படக்கதை வரைந்து போடும் என் அக்கா மகள் செல்வி, அதை வாசிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், நான்.

கதையில் வரும் அம்மா, எங்கள் அக்காதான். பட்டாசு ஆலையிலிருந்து கையெல்லாம் அலுமினியப் பொடியோடு வருவாள். கன்னத்தைக் கிள்ளினால் என் முகமும் வெள்ளியாய் மினுங்கும். நான் சொல்லச் சொல்லச் செல்வி அதை வரைந்திருக்கிறாள். மூக்கை மட்டும் என் மூக்கைப் பார்த்து வரைந்தாள்.

"அடுத்து ஆலையில விபத்துதானே? சிவகாசிக் கதையாச்சே," என்றான் ஒருவன்.

"ஏலே, எங்க ஊருன்னா வெடிச்சுத்தான் முடியணுமா?" என்றேன்.

"நடந்தது அதானே சித்தி," என்றாள் செல்வி.

"நடந்ததைத்தான் நான் பார்த்துட்டேனே தாயி. படத்துலயாவது அவ வீடு வந்து சேரட்டும்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மாரியாத்தாளுக்கு விளக்கேற்றியும் மனம் அடங்கவில்லை. செல்வி, சீக்கிரம் பதில் சொல்லு.