பனிமலைக்கு ஒரு ஜோடி ஷூ

அக்டோபர் 12

அன்புள்ள குண்டுக்கு,

இப்போது நீ குச்சியாக இருந்தாலும் எனக்குக் குண்டுதான். நேரத்துக்குச் சாப்பிடு. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் “கடையில கூட்டம்மா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேனாவை எடுத்தேன்.

ஜனவரியில் பனிமலை ஏறப் போகிறேன். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மா வருஷா வருஷம் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறாள். சில நாள் நடை, இரவில் கூடாரம், நடுவில் ஒரு கணவாய். அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் நான் பார்த்த மலையெல்லாம் துவைக்க வேண்டிய துணிமலைதான். நிஜ மலை ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று ஆசை.

மலையேறுகிற சாமான் விற்கும் கடையில் பிள்ளை இருக்கும்போது நான் யாரைப் போய்க் கேட்பேன்? என்ன உடுத்துவது, என்ன வாங்குவது, எல்லாம் எழுது. என் பழைய ஸ்வெட்டரும் ஜீன்ஸும் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
அம்மா


அக்டோபர் 25

அன்புள்ள அம்மா,

படித்தேன். மறுபடியும் படித்தேன். வேண்டாம்மா.

கேட்டதால் சொல்கிறேன், பயந்தாவது விட்டுவிடுவாய் என்று. ஜீன்ஸைத் தொடவே கூடாது. பருத்தித் துணி எதுவும் உடம்பில் படக் கூடாது. ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரமே ஆளை உறைய வைக்கும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் சூட்டைப் பிடித்து வைக்கிற ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் பனியும் நுழையாத ஜாக்கெட். நடக்கும்போது ஒன்றைக் கழற்ற வேண்டும், நின்றவுடன் போட வேண்டும். கையுறை இரண்டு அடுக்கு.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஷூ. தடித்த காலுறை போட்ட பிறகும் உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுகினால் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத விரலைக் குளிர் தின்றுவிடும். அப்படி விரல்களை இழந்த ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். அவருக்கு ஷூவைக் காலில் மாட்டிவிடுவதே நான்தான்.

அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தபோது விமானம் பிடித்து ஓடி வந்தேன். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்படி இன்னொரு போனை என்னால் எடுக்க முடியாது. வெயில் காலத்தில் வா, நானே பக்கத்திலிருக்கிற குன்றுக்குக் கூட்டிப் போகிறேன்.

உன் குண்டு


நவம்பர் 8

அன்புள்ள குண்டுக்கு,

குன்று எனக்கு வேண்டாம். குன்றுக்குத்தான் உச்சிவரை பஸ் ஓடுகிறதே.

நீ பயமுறுத்த எழுதியதை நான் பாடமாக வைத்துக்கொண்டேன். கம்பளி உள்ளாடை வாங்கியாயிற்று. இறகு அடைத்த ஜாக்கெட்டும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் தலையணைக்குத் தலை முளைத்த மாதிரி இருக்கிறது. தினம் காலையில் முதுகுப்பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறேன். கீழ்வீட்டுக்காரர் வீடு மாற்றுகிறேனா என்று கேட்டார்.

ஷூதான் அமையவில்லை. என் கால் நீளத்தில் சின்னது, அகலத்தில் பெரியது. இங்கே எந்தக் கடையிலும் சரியாக இல்லை. கால் மாலையில்தான் வீங்கியிருக்கும், அப்போதுதான் அளக்க வேண்டும் என்று நீ இங்கே வந்திருந்தபோது யாருக்கோ போனில் சொன்னது நினைவிருக்கிறது. அதேபோல் மாலையில், தடித்த காலுறையோடு நின்று, இரண்டு பாதத்தையும் வரைந்து, கடை அளவுகோலை வைத்து அளந்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடிக்கு அளவெடுத்துப் பழகிய கை, தப்பாது.

நீ வேண்டாம் என்கிறாய். தெரியும். முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்வதை எனக்கும் செய். நல்லதாக ஒரு ஜோடி.

அம்மா


டிசம்பர் 4

அன்புள்ள அம்மா,

உன் பிடிவாதம் தெரிந்ததுதானே. ஷூ அனுப்பிவிட்டேன். வருவதற்குத் தாமதமாகலாம், மாற்றி அனுப்ப நேரம் இருக்காது. வந்ததும் போட்டுப் பார். கொஞ்சம் சரியில்லை என்றாலும் போகாதே. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டுமாவது கேள்.

குண்டு


டிசம்பர் 27

என் செல்லக் குண்டுக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கோபத்திலும் அனுப்பினாயே. பெட்டியோடு கடைக்கு எடுத்துப் போய் எல்லாரிடமும் காட்டினேன்.

விரல் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது. புதுசுதானே, நடக்க நடக்க இளகிவிடும். டாக்டரம்மா தன்னுடைய பழைய ஜோடியைத் தருகிறேன் என்றாள். அது எனக்குத் தாராளமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டேன். பிள்ளை தேர்ந்தெடுத்து அனுப்பியதை வீட்டில் வைத்துவிட்டு யாருடையதையோ மாட்டிக்கொண்டு போவேனா? அதோடு, இந்தத் தொழிலில் உனக்குத் தெரியாததா?

ஐந்தாம் தேதி கிளம்புகிறோம்.

அம்மா


ஜனவரி 8

அம்மா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உன் போன் கிடைக்கவில்லை, டாக்டரம்மாவின் போனும் இல்லை. அடிவாரத்து விடுதிக்குப் பேசினேன். குழு மேலே போய்விட்டது என்றார்கள். யாரையாவது அனுப்ப முடியுமா என்று கெஞ்சினேன். பனி கொட்டுகிறது, அது நின்றால்தான் அனுப்ப முடியும் என்றார் அந்த ஆள்.

நீ அனுப்பிய அளவு சரிதான். நான்தான் ஒரு அளவு குறைத்து அனுப்பினேன். போட்டுப் பார்த்து, பற்றவில்லை என்று நீ வீட்டிலேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ அதைப் போட்டுக்கொண்டே போவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. புத்தாண்டன்று போனில் கேட்டபோது “அருமையா இருக்கு” என்றாய். எப்படியோ பொருந்திவிட்டது என்று நம்பிக்கொண்டேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்.

இதை நீ வீடு திரும்பித்தான் படிப்பாய். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்லபடியாகத் திரும்பி வா. அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல். மன்னிப்பாயா?

குண்டு


பிப்ரவரி 20

அன்புள்ள மகனுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா உனக்குப் போன் செய்து நான் பிழைத்துக்கொண்டதைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்த பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. தெரிந்தேதான் எடுக்கவில்லை. உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும்.

என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் வலித்தது. மறுநாள் காலையில் வலி நின்று விரல்கள் மரத்துவிட்டன. ஷூ இளகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கணவாய்க்குக் கீழே நான் இழுத்து இழுத்து நடப்பதை டாக்டரம்மா பார்த்துவிட்டாள். கூடாரம் போட வைத்து ஷூவைக் கழற்றினாள். இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினாள், தெரியவில்லை.

“எப்ப இருந்து இப்படி?”

“காலையில இருந்து.”

“ஏன் சொல்லல?”

“புள்ள அனுப்பின ஷூ. சொன்னா அவன குறை சொன்ன மாதிரி ஆயிடும்.”

அவள் என் பாதத்தைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டாள். எனக்காகக் குழு முழுவதும் கணவாய் ஏறாமல் திரும்பியது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை; அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பையில் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். ஒரு விரல் தேறிவிட்டது. சுண்டுவிரல் கறுத்துப் போய், போன வாரம் பாதியை எடுத்துவிட்டார்கள்.

நீ பயந்தாய். அது எனக்குப் புரிகிறது. போகாதே என்று சொன்னாய், நான் கேட்கவில்லை. அதற்காக என்னைத் திட்டியிருக்கலாம். ஷூவே அனுப்ப மாட்டேன் என்றிருக்கலாம். வருத்தப்பட்டு, வேறு ஒன்றைத் தேடிக்கொண்டு போயிருப்பேன். நீ சரி என்று சொல்லிக்கொண்டே என் காலைக் கட்டினாய். விரலைவிட எனக்கு அதுதான் வலிக்கிறது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என் நாளை எல்லாரும் தீர்மானித்தார்கள். அப்போது அதில் ஒரு நியாயம் இருந்தது.

மன்னிப்பாயா என்று கேட்டிருக்கிறாய். சில நாள் காலையில் மன்னித்துவிட்ட மாதிரி இருக்கிறது. காலுறையை மாட்டும்போது இல்லை. இப்போதைக்கு வராதே, வந்தால் உன் முகத்தைப் பார்த்து நான் இரங்கிவிடுவேன், அது நமக்கு நல்லதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கணவாய்க்கு மறுபடி போகிறேன். டாக்டரம்மாவும் மற்றவர்களும் வருகிறார்கள். இதை உன்னிடம் கேட்டு எழுதவில்லை, சொல்லி எழுதுகிறேன்.

கடிதம் போடுவதை நிறுத்திவிடாதே. அங்கே எவ்வளவு பனி விழுந்தது, கடைக்கு யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டாய், எல்லாம் எழுது. எனக்கு எது நல்லது என்பதை மட்டும் எழுதாதே.

அம்மா