மாமியார் சரிசெய்த கடிகாரம்

பிப்ரவரி 8, ஞாயிறு
எங்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், எதிர்ப்பக்கம் குயின்ஸ்லாந்து. கோடையில் நாங்கள் கடிகார முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவோம். அவர்கள் தள்ளமாட்டார்கள். நாங்கள் போகும் கருத்தரிப்பு மருத்துவமனை அவர்கள் பக்கம். அதனால் கெர் இன்று சமையலறையில் இரண்டாவது கடிகாரம் மாட்டினான், அவர்கள் மணிக்கு. "இனிமே தப்பவே தப்பாது, லியோனி"யாம். என் புருஷனுக்கு வாய் ஜாஸ்தி.

பிப்ரவரி 15
மாமியார் மொரீன் டப்போவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். ஊசி மருந்தெல்லாம் ஃப்ரிட்ஜில் கீரைக்கு அடியில்! அவரிடம் சொன்னால் டப்போ ஆட்டுச்சந்தை வரைக்கும் செய்தி போய்விடும்.

பிப்ரவரி 17
இன்று கடைசி ஊசி. "எங்க மணிப்படி ராத்திரி சரியா எட்டுக்குப் போடணும். அதை வெச்சுத்தான் முட்டை எடுக்கிற நேரம். தப்பினா சினைப்பையைவிட்டு முன்னாடியே வெளியேறிடும்" என்று நர்ஸ் பிலிப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். புதுக் கடிகாரத்தைப் பார்த்து, குளியலறையில் ஒளிந்துகொண்டு போட்டோம்.

வெளியே வந்தால் மொரீன் பெருமையாக, "அந்தப் புதுக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கிக் கிடந்துச்சு. நான்தான் நாற்காலி போட்டு ஏறிச் சரி பண்ணேன்" என்றார்.

கெர் கைபேசியைப் பார்த்தான்: அவர்கள் மணி இப்போதுதான் ஏழு. நான் ஓவென்று அழுதுவிட்டேன். இதுதான் கடைசி முயற்சி என்று பேசி வைத்திருந்தோமே! எல்லாம் போச்சா? அழுகையில் ரகசியமும் வெளியே வந்துவிட்டது. மொரீன் வெளிறிப்போய், "அய்யோ, நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிலிப்பாவைக் கூப்பிட்டோம். சிரிக்கிறாள்! "எல்லைக்கு உங்க பக்கம் இருக்கிறவங்க அத்தனை பேரும் இப்படித்தான். உடனே சொன்னீங்களே, பொழைச்சீங்க. டாக்டர் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுவார். அவர் திட்டுறதை நான் வாங்கிக்கறேன்."

பிப்ரவரி 19
முட்டைகள் கிடைத்தன. போகும் வழியெல்லாம் காரின் பின்சீட்டிலிருந்து மொரீன், "இப்ப எந்த ஊர் மணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கெர் ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.

பிப்ரவரி 24
ஒரே ஒரு கரு தேறியது. உள்ளே வைத்துவிட்டார்கள். தும்மவே பயமாக இருக்கிறது.

மார்ச் 5
ஆம்!!!

நவம்பர் 15 (அங்கே இன்னும் 14)
பெண். மருத்துவமனை மணிப்படி இரவு பதினொன்றே காலுக்குப் பிறந்தாள். எங்கள் வீட்டில் அதற்குள் தேதி மாறிவிட்டது. எது பிறந்தநாள் என்று கெரும் அவன் அம்மாவும் கட்டிலுக்கு இருபுறமும் நின்று சண்டை.

"எங்கிட்ட பேசாதடா. அன்னிக்கு நான் மட்டும் முள்ளைத் திருப்பலைன்னா இவ எங்க வந்திருக்கப்போறா?" என்கிறார் மொரீன்.

அநியாயம்! மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை அவர் தோளில் அப்போதுதான் கண் அசந்திருந்தாள். மூடிக்கொண்டேன்.