பொங்கோலில் உனக்கு ஓர் அக்கா

என்னைப் பெத்த பொன்னம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சிங்கப்பூர் தனி நாடானதைக் கேட்டுவிட்டுப் போனாய். நாங்கள் சிராங்கூன் ரோட்டை விட்டுக் குவீன்ஸ்டவுனுக்குக் குடிவந்ததைத்தான் நீ பார்க்கவில்லை. ஒன்பதாவது மாடி. "அத்தை இருந்தா லிஃப்ட்ல ஏறவே மாட்டாங்க" என்று உன் மருமகள் சிரிப்பாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கடை மட்டும் அதே ஃபேரர் பார்க் பக்கம்தான். தவிடு, புண்ணாக்கு, சோளம். வியாபாரத்துக்குக் குறையில்லை.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அம்மா.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கேட்டாயே: "டேய் தங்கராசு, என்னை வித்தாங்களா, குடுத்தாங்களாடா?" விசாரிக்கிறேன் என்றேன். சரக்கு வந்து இறங்குகிற சமயம் அது. விசாரிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கப்பல்தான் பெரிசாக இருந்தது.

உனக்குத் தெரிந்ததே கொஞ்சம். சீனாவிலிருந்து கப்பலில் வந்த பிள்ளை. எருமை வைத்துப் பால் விற்ற தாத்தா, பிள்ளையில்லாத வீட்டுக்கு உன்னை நாலு வயதில் கூட்டிவந்து பொன்னம்மா என்று பேர் வைத்தார். மிச்சமெல்லாம் தமிழ்தான். தேக்கா மார்க்கெட் மீன்காரர் உன் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் விலை சொல்வார். "என்னய்யா, மனுசனுக்குப் புரியற மாதிரி பேசு லா" என்பாய். அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். அப்போதுதான் கடை போட்டிருந்த நான், கூடையோடு நின்று சிரிப்பேன். அந்தக் காலைப் பொழுதுகள் எங்கே போயின?

தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "தாய்வழி என்னம்மா?"

"என் வழி சிராங்கூன் ரோட்டு வழி. பிடிச்சா உக்காந்து காப்பி குடிங்க. பிடிக்கலேன்னா வாசல்லயே பஸ் நிக்குது."

மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். சம்பந்தம் முடிந்தது. ஆனால் நம் அத்தை, எங்கள் அப்பாவின் தங்கை, விடவில்லை. "விலைக்கு வாங்கின பொண்ணுக்கு வாயைப் பாரு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதற்கு மட்டும் நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். பத்து வருஷமாக அது உன் தொண்டையிலேயே இருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில்தான் எனக்குப் புரிந்தது.

போன மாதம் டிரைவருக்குக் காய்ச்சல். பொங்கோலில் இருக்கிற பன்றிப் பண்ணைக்கு நானே லாரியை எடுத்துக்கொண்டு போனேன். உன் தெவசத்துக்காகப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்ட படம், பக்கத்துச் சீட்டில் இருந்தது. மூட்டை இறக்க வந்த சீன அம்மா ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். "பொட்டு வைச்சிருக்கே, யார் இது?" என்றார், சந்தை மலாயில்.

"எங்கம்மா. தமிழ் வீட்டுல வளர்ந்தவங்க."

"வளர்த்தவர் மாடு வைச்சிருந்தாரா? வலது கையில ரெண்டு விரல் இருக்காதா?"

தாத்தாவுக்கு விரல் இல்லாதது இன்றைக்கு நம் வீட்டைத் தவிர யாருக்கு அம்மா தெரியும்? நான் லாரியை விட்டு இறங்கினேன்.

அவர் உன் அக்கா. அம்மாவும் எட்டு வயது அக்காவும் நீயுமாகக் கப்பலில் வந்தீர்களாம். கூட்டிப்போக வரவேண்டிய அப்பா, நீங்கள் இறங்கும்போது உயிரோடில்லை. மூன்று வயிற்றுக்குச் சோறில்லை. நீங்கள் ஒண்டியிருந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த தாத்தா, ஒரு பிள்ளையைத் தாருங்கள், மகளாக வளர்க்கிறேன் என்றார். பெரியவளைக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது.

"கூட்டிட்டுப் போக வந்தது என்னைத்தான்" என்றார் உன் அக்கா. "நான் படிக்கட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். கூப்பிட்டாங்க, போகலை. இவ வாசல்ல நின்னா. அவர் கையை நீட்டினார், இவ பிடிச்சுக்கிட்டா."

நான் வியாபாரி. எதற்கும் ஒரு விலை இருக்கும் என்று நம்புகிறவன். பதிலுக்கு என்ன வாங்கினீர்கள் என்று மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டேன்.

"அரிசி மூட்டை கொண்டு வந்தார். எங்கம்மா திருப்பி அனுப்பிட்டா. வாங்கினா வித்ததா ஆயிடும்னு சொன்னா. அன்னிக்கும் நாங்க பட்டினிதான்."

கேட்டாயா அம்மா? விற்கவில்லை. பட்டினி கிடந்தவள் அரிசியைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இதை அத்தை வீட்டு வாசலில் நின்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் உன் அக்கா அடுத்துக் கேட்டதில் எனக்கு எல்லாம் அடங்கிப்போனது.

"என் மேல கோவமா இருந்தாளா?"

நான் பொய் சொல்லாதவன் இல்லை. பழைய தவிட்டைப் புதுசு என்று தள்ளியிருக்கிறேன். 'உங்களைப் பத்தித் தினமும் பேசுவாங்க' என்று சொல்லியிருக்கலாம், எனக்குச் செலவில்லை. அந்த இடத்தில் வாய் வரவில்லை. "உங்களைப் பத்தி அவங்களுக்குத் தெரியவே தெரியாது. மறந்துட்டாங்க" என்றேன்.

அவர் குழாயடியில் போய்க் கை கழுவினார். ஈரக் கையோடு திரும்பி வந்து சொன்னார்: "நல்லது. மறந்தா நல்லாத் தூங்கியிருப்பா."

அந்த அறுபது வருஷமும் அவர் எப்படித் தூங்கினார் என்று நான் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? திட்டியிருப்பாயா, கட்டிக்கொண்டிருப்பாயா?

கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையில்லை. குவீன்ஸ்டவுனுக்கு வாங்க பெரியம்மா என்றேன். "இதுங்களுக்கு யார் தீனி போடுவா, உன் பெண்டாட்டியா?" என்று சிரித்தார். பேசுகிற வாய் அப்படியே உன் வாய். நான் வற்புறுத்தவில்லை. இனி மாதாமாதம் பொங்கோலுக்கு டிரைவரை அனுப்பமாட்டேன், நானே போவேன்.

ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா. அவருக்கு ஒன்று ஆனால் ஆளில்லாமல் போகமாட்டார். அவர்கள் வழக்கப்படி ஊதுபத்தி பிடித்து முன்னால் நிற்க மகன் வேண்டுமாம், நான் நிற்பேன். பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டேன். கடையின் டெலிபோன் நம்பரைக் கொட்டகைச் சுவரில் கரியால் பெரிசாக எழுதி, அதற்கு மேலே 'மகன்' என்று சீனத்தில் அவரையே எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

உனக்கும் உன் அக்காவுக்கும் மகன்,
தங்கராசு