வலிக்காத புண்

786
ஆம்பூர்,
20-6-1931, சனிக்கிழமை.

அருமை மகன் ஜியாவுல்லாவுக்கு அத்தா நயீம் அகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாவின் கிருபையால் இங்கே நான், உன் அம்மா, தங்கை பில்கிஸ், மாப்பிள்ளை நசீர் அகமது எல்லாரும் சுகம். நீ அங்கே சுகமா என்று வழக்கம்போல ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த சேதிக்குப் போக என்னால் முடியவில்லை. இந்தக் காகிதத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு முதலில் உன் வலது கையை ஒரு டாக்டரிடம் காட்டு. ஜித்தாவில் இந்திய ஹாஜிகளுக்கென்று டாக்டர் ஒருவர் இருப்பதாகப் போன வருஷம் போய் வந்தவர்கள் சொன்னார்கள், அவரிடம் போ. ஆட்டுத் தோலைத் தொட்ட பிறகு வந்த புண் என்பதை முதல் பேச்சாகச் சொல்லிவிடு. அதைக் கீறாதே, பிதுக்காதே, எவன் சொன்னாலும் சூடு போடாதே. இதையே இன்று காலை தந்தியும் அடித்திருக்கிறேன். ஆனால் தந்தி உனக்குக் கடிதம் வருகிற ஜித்தா கடைக்குத்தானே போகும், நீ மக்காவில் இருக்கிறாய், அவர்கள் எப்போது உன்னிடம் சேர்ப்பார்களோ என்கிற பயத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் போன சனிக்கிழமையே வந்துவிட்டது. வந்த அன்றே பிரித்திருந்தால் இந்தத் தந்தி ஒரு வாரம் முன்னாலேயே போயிருக்கும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமே, மக்காவிலிருந்து வருகிற கடிதத்தைக் கண்ட நேரத்தில் கிழிக்கக் கூடாது, கண்ணில் ஒற்றிக் குர்ஆன் பலகை மேல் வைத்து, ஜும்மா முடிந்து எல்லாரும் கூடின பிறகுதான் படிக்க வேண்டும். உன் அம்மா அதை ஆறு நாள் மல்லிகைப் பூ வைத்துக் காத்தாள். நேற்று வீடு நிறைய ஜனம், மஹ்பூபி அத்தைகூட வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தாள், நசீர்தான் உரக்கப் படித்தான். அங்கே ஹாஜிகள் வரத்து பாதிக்குமேல் குறைந்துவிட்டது, உலகம் பூராவும் வியாபாரம் படுத்ததால் ஜாவாக்காரர்கள் கப்பல் ஏறவில்லை, அவர்களை நம்பி ஒட்டகம் ஓட்டுகிறவனும் வீடு வாடகைக்கு விடுகிறவனும் தண்ணீர் சுமக்கிறவனும் அடுப்பு மூட்ட வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது பெண்கள் அழுதார்கள். மக்கா பக்கத்து மினாவில் குர்பானி கொடுத்த ஆயிரக்கணக்கான ஆடுகளின் தோலைக் குழி வெட்டி மணலில் புதைக்கிறார்கள், அந்தக் குழி ஓரத்தில் கொதிக்கிற மணலில் குழந்தைகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்ற இடத்தை நசீரிடம் நானே இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அல்லாவின் வீடு இருக்கிற ஊரில் ஏன் அத்தா இந்தக் கஷ்டம் என்று கேட்டிருந்தாய். நஸீப், தலைவிதி என்கிறார்களாம், சோம்பேறிகள் என்கிறார்களாம், மார்க்கத்தை மறந்ததற்குத் தண்டனை என்கிறார்களாம்.

நான் மதரஸாவில் ஓதின ஆலிம் இல்லை, முப்பது வருஷமாகத் தோல் பதனிடும் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் நிற்கிற மேஸ்திரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தண்ணீர்த் தோண்டியைத் தலையில் வைத்து மலை ஏறுகிறவனைச் சோம்பேறி என்று சொல்கிறவன் நாக்கில் புழு வைக்கட்டும். தொழுகிறவன் பசியோடு இருப்பதையும் தொழாதவன் பிரியாணி தின்பதையும் ஆம்பூரிலேயே தினம் பார்க்கிறோம், அதனால் தண்டனைப் பேச்சும் எனக்கு ஏறவில்லை. நீயே விடையையும் எழுதியிருக்கிறாய். தோல் மண்ணுக்குள் போகிறது, செருப்பு வெளிநாட்டுக் கப்பலில் வருகிறது என்று எழுதினாயே, அதுதான். பக்தாதிலும் ஏமனிலும் இதே கதைதான், கம்பளி மூட்டையாகப் போய்த் துணியாகத் திரும்பி வருகிறது என்று வியாபாரிகள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். தோலை ஊறவைக்கத் தண்ணீர் கம்மி, பதம் போட ஆவாரம்பட்டை இல்லை, முதல் போடுகிறவன் இல்லை, ஆளுகிறவனுக்கு அக்கறை இல்லை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். ஆனால் மகனே, இங்கே நமக்குப் பாலாறு இருக்கிறது, பட்டை இருக்கிறது, முதலாளிகள் இருக்கிறார்கள். அப்படியும் நாம் தோலைப் பாதி பதமாக லண்டனுக்கு அனுப்பிவிட்டு அவன் செய்த பூட்ஸை ஜாஸ்தி விலைக்கு வாங்குகிறோம், குழியில் இறங்குகிறவன் வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போகிறான். ஆகவே ஏழ்மை அங்கே மட்டும் விளைகிற பயிர் என்று நினைத்துவிடாதே. அது வருவதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் தைரியம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தின் கடைசியில் நீ போகிறபோக்கில் எழுதின நாலு வரி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். நீயும் இரண்டு மக்காவாசிகளுமாகச் சேர்ந்து தோல்களைப் பொறுக்கி உப்புப் போட்டுப் பதனிடத் தொடங்கியிருக்கிறீர்கள், நல்லது, என் மகன் என்று பெருமைப்பட்டேன். ஊருக்கு வெளியே இருக்கிற ஜனங்கள் தானாகச் செத்த ஆட்டின் தோலையும் கொண்டுவந்தார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை என்று எழுதினாய், அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வரியில் வலது முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்து உடைந்து நடுவில் கறுத்திருக்கிறது, சுற்றிலும் வீக்கம், ஆனால் வலியே இல்லை, வலிக்காத புண்ணு ஒரு புண்ணா என்று நீங்கள் சொல்வீர்களே அத்தா, அதனால் கவலை வேண்டாம் என்று முடித்திருந்தாய். நசீர் அதைப் படித்ததும் வீடே சிரித்தது. நம்ம மேஸ்திரி பேச்சு மக்கா வரிக்கும் போய்ட்ச்சே என்று மஹ்பூபி அத்தை கேலி செய்தாள். வலி இல்லேன்னு எழுதிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ் என்றாள் உன் அம்மா. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கடிதத்தை வாங்கி அந்த நாலு வரியை நானே மறுபடி படித்தேன்.

காசியை உனக்கு ஞாபகம் இருக்கும், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவன், உன்னை வாத்தியாரே என்று கூப்பிடுவான். ஒன்பது வருஷம் முன்னால் ஒரு நாள் அவன் கழுத்தில் இதே கறுப்பு, இதே வீக்கம். வலி ஒண்ணும் இல்ல மேஸ்திரி, ஆனா ஒடம்பு என்னமோ பேஜாரா கீது, இன்னிக்கி ஒரு நாள் வுட்டுடு என்று கேட்டான். அன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய அவசரம். வலிக்காத புண்ணு ஒரு புண்ணாடா, எறங்குடா குழில என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து நின்றிருந்தாய், நீயும் சிரித்தாய். இறங்கினான். ஒரு நாள் கூலி போனால் வீட்டில் சோறு இல்லை, இறங்காமல் என்ன செய்வான். ஐந்தாம் நாள் முகமெல்லாம் வீங்கி மூச்சு அடைத்துச் செத்தான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருகிற அடைப்பான் நோய் தோல் வழியாக மனிதனுக்கும் வரும், வலிக்காமல் இருப்பதுதான் அதன் அடையாளம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் ஊருக்கு விஷக்காய்ச்சல் என்று சொன்னேன். உனக்கும் அப்படித்தான் சொன்னேன். உண்மையை ஒரு தடவை உன்னிடம் சொல்லியிருந்தால் செத்த ஆட்டின் தோலை நீ தொட்டிருக்க மாட்டாய், என் வாய்ப்பேச்சை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் மாட்டாய். பிடித்தவர்கள் எல்லாரும் சாவதில்லை என்றும் அந்த டாக்டர் சொன்னார், அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நேற்றிலிருந்து மூச்சு விடுகிறேன்.

இன்று காலை தந்தி ஆபீசுக்குப் போகிற வழியில் கால் தானாகக் காசியின் பெண்சாதி ரங்கம்மாள் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சல் இல்லை அம்மா, நான்தான் என்றேன். அவள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவேயில்லை. அப்பவே தெரியும் மேஸ்திரி, ஊருக்கே தெரியும் என்றாள். அடுத்த வறட்டியைச் சுவரில் அறைந்துவிட்டு, பெத்த புள்ள கைல புண்ண வச்சிக்கினு கீறான், இங்க இன்னாத்துக்கு நிக்கிற, போய் தந்தி குடு என்று அதட்டினாள். அவளுக்கு என்னைத் திட்டுவதற்கு ஒன்பது வருஷம் இருந்தது, அவள் என்னைத் துரத்தியதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.

நீ கடிதம் எழுதியது மே பதினெட்டு, நான் கேட்டது நேற்று, முப்பத்திரண்டு நாள். நடக்க வேண்டியது அங்கே நடந்து முடிந்திருக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. உனக்குப் பெண் பார்க்கிற பேச்சில் அவளும் மஹ்பூபி அத்தையும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், பில்கிஸ் குழந்தைக்கு முதல் பல் முளைத்திருக்கிறது, அதையும் எழுதச் சொன்னாள். உன்னோடு வேலை செய்கிற அந்த இரண்டு பேர் கையையும் காலையும் இன்றே பார், அவர்களையும் டாக்டரிடம் கூட்டிப் போ, நாளைக்கு என்று சொன்னால் கேட்காதே. செத்த ஆட்டின் தோலை ஏழை கொண்டுவந்தால் கையில் இருக்கிற ரொட்டியைக் கொடுத்து அனுப்பு, தோலை மட்டும் வாங்காதே. பதில் வேறு யாரையும் கொண்டு எழுதாதே, உன் வலது கையால் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும், எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. காபாவின் சொந்தக்காரன் உன்னைக் காப்பாற்றுவானாக, உனக்கு நீண்ட ஆயுளையும், உன் கைக்குப் பழைய பலத்தையும் தருவானாக, ஆமீன். வலிக்காத புண் புண் இல்லை என்று நான் சொன்னதை மறந்துவிடு, அது பொய், அடுத்தவன் உடம்பு என்பதால் சொன்ன பொய்.

விடியற்காலை பஜ்ர் தொழுகையில் கையேந்தி, மகனுடைய கை தீயாக வலிக்கட்டும் ரப்பே என்று கேட்டுவிட்டு வந்திருக்கும்,

உன் அத்தா,
நயீம் அகமது.