தண்ணீருக்கடியில் தூக்கம்

பாக்கியம்,

கிள்ளான் கூட்ஸ் ரயில் வேலைக்குப் புறப்படுகிறேன். கஞ்சி அடுப்போரம் இருக்கிறது, குடி.

நான் பாசார் சந்தையில் வாங்கிவந்த ஆமை சாகவில்லை. தண்ணீருக்கடியில் கைகால் பரப்பிக் கிடந்தால் அது தூக்கம். மூச்சுக்குத் தானே மேலே வரும். நீ குப்பையில் போட்டதை எடுத்துத் திரும்பத் தொட்டியில் விட்டிருக்கிறேன்.

"ஆமை பூந்த வீடு உருப்படுமா? வயித்துல பிள்ளை காலையிலேருந்து அசையலையே" என்று நேற்று அழுதாய். முதல் பாதிக்கே நான் கத்திவிட்டேன். மறுபாதி இப்போதுதான் காதில் ஏறுகிறது.

மருத்துவச்சி டொரத்தி அக்காவை வரச்சொல்லிவிட்டுப் போகிறேன். கதவைத் தாழிடாதே.

சவரி

இன்னொன்று: தொட்டியைத் தட்டினேன், ஆமை கண் திறந்தது. நீ தூங்கும்போது உன் வயிற்றையும் மெல்லத் தட்டிப் பார்த்தேன். பிள்ளையும் தூங்குகிறதாகத்தான் இருக்கும், பாக்கியம்.