படப்புக்குள் ஒரு கைத்தடி

12.2.2026

அன்புள்ள சுமதிக்கு,

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு தபால் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் வீட்டு வாசலுக்கு வர எனக்குத் தைரியமில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

உன் முத்துராஜ் அண்ணனை ஜாமீனில் விட்டதாகக் கேள்விப்பட்டேன். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி உத்தரவுக்குக் காத்திருந்தவர். இந்த வழக்கு இருக்கும்வரை அந்த உத்தரவு வராது.

காந்தி சிலையின் கைத்தடியை அவர் உடைக்கவில்லை, சுமதி. எங்கள் டிராக்டர் உடைத்தது. குடியரசு தினத்துக்கு மறுநாள் விடியும்போது காட்டிலிருந்து சோளத்தட்டை லோடு கொண்டுவந்தோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிலை நிற்கும் பஸ் நிறுத்தத்தில் திருப்பும்போது லோடு கட்டிய கயிறு அந்தச் சிமெண்டுத் தடியில் மாட்டி இழுத்துவிட்டது. அப்பா இறங்கி, முறிந்த துண்டைத் தட்டைக்குள் செருகினார்.

"ஒருத்தரும் பாக்கல. நீயும் பாக்கல" என்றார்.

அது இப்போது, அந்தத் தட்டையைக் குவித்து அடுக்கிய எங்கள் படப்பில் இருக்கிறது. மாட்டுக்குத் தட்டை உருவ தினமும் நான்தான் போகிறேன். படப்பு குறைந்துகொண்டே வருகிறது.

குடியரசு தினத்தன்று கிராமசபை முடிந்து சிலைக்கு மாலை போட ஏறிய அண்ணனை எங்கள் தெருக்காரர்கள் இறக்கிவிட்டார்கள். "காந்தி என்ன, ஒங்க வீட்டு மாப்பிள்ளையா?" என்று அவர் கேட்டதை வைத்தே, உடைத்தது அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கலட்சுமி

17.2.2026

தங்கலட்சுமிக்கு,

அம்மா நலம். உன் கடிதத்தை இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன். நாங்கள் இதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், நாங்களே எழுதிக்கொண்டோம் என்பார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். ஸ்டேஷனில் புகாரைக் காட்டினார்கள். கீழே உங்கள் தெரு ஆட்கள் பதினோரு பேர் கையெழுத்து. மேலே இருக்கும் எழுத்து உன்னுடையது. மூன்று வருடம் உன் நோட்டைப் பார்த்து எழுதியவளுக்கு அது தெரியாதா? அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "ஒன் சேக்காளி எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் உன் நம்பரை அழித்தேன்.

சுமதி

20.2.2026

அன்புள்ள சுமதிக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். பட்டதாரிப் பிள்ளை தப்பில்லாமல் எழுதும் என்று தாளை நீட்டினார்கள். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் பெயர் வந்த இடத்தில்கூட என் பேனா நிற்கவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

நேற்று தடியை உருவி எடுத்து, அப்பா முன்னால் வைத்து, ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "என்னைய உள்ள தள்ளப் போறியா, தாயி?" என்று மட்டும் கேட்டார். அழுதேன். ஆனால், போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

நடந்ததை அதே கையால் மனுவாக எழுதிவிட்டேன். தடியைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வரும் புதன்கிழமை, திருச்சுழியிலிருந்து வரும் எட்டு மணி பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

அருப்புக்கோட்டைக்குப் படிக்கப் போன மூன்று வருடமும் அந்த பஸ்ஸில்தான் போனோம். நீ உங்கள் தெரு நிறுத்தத்தில் முதலில் ஏறி எனக்கு இடம் போட்டு வைப்பாய். காந்தி சிலையில் ஏறும் நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவேன். எங்கள் தெரு ஆட்கள் இறங்கிய பிறகுதான் உன் பக்கத்தில் உட்காருவேன். ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை எனக்கு இடம் போட்டு வைப்பாயா? ஏறியதும் உட்கார்ந்துகொள்கிறேன்.

தங்கலட்சுமி