மூன்று பக்கம் பாறை, ஒரு வரி நான்

திருப்பருத்திக்குன்றம்
12-10-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

மதனவதி பயத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். விளக்கில் பூச்சி விழுந்து சாகும் என்று இருட்டியதும் அணைக்கச் சொல்வாரே அப்பா, அந்த வழக்கம் மாறவில்லை. அரிக்கேன் விளக்கைத் தாவணியால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். பார்த்துவிட்டால் நாளை முதல் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

லடாக்கிலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண்புரை முற்றிவிட்டதால் நான்தான் படித்துக் காட்டினேன். மூன்று பக்கமும் உன் பாறை ஆராய்ச்சி. தெற்கிலிருந்து நம் நிலம் முட்டித் தள்ளுவதால் அங்கே தரை தடித்து உயர்ந்து மேட்டுநிலமானது. அதன் நடுப்பகுதி சமவெளிபோல அமைதியாக இருக்கும். மடிவதும் பிளப்பதும் பெரும்பாலும் விளிம்பில்தான். அந்த விளிம்பை ஆறுகள் அறுத்து மண்ணைக் கொண்டுபோகப் போக, மேலே இருந்த பாரம் குறைந்து, பல மைல் ஆழத்தில் வெந்துகிடந்த பாறை மெல்ல வெளியே வரும். போன வருடம் நீ கொடுத்த சிவப்புப் புள்ளிக் கல்கூட அப்படி வந்ததுதானாம். அப்பா அதை ஜாதகங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறார்.

கடைசியில் ஒரு வரி: மதனா கல்யாணம் உங்கள் இஷ்டம். அதையும் படித்தேன். தாண்டிப் போயிருக்கலாம். பொய் கூடாது என்று வளர்த்துவிட்டார்களே. என் குரல் நடுங்கியதை வெட்கம் என்று நினைத்து அப்பா சிரித்தார்.

மாப்பிள்ளை தென்னேரி நெல் வியாபாரி சந்திரப்பிரபு. மனைவி இறந்துவிட்டார். மூத்த பெண் என்னைவிட ஐந்தாறு வயதுதான் சின்னவள். தையில் கல்யாணம். பங்குனியில் நான் எழுதவேண்டிய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நீ வந்து தடுப்பாய் என்று இன்று மாலை வரை நம்பியிருந்தேன்.

பொழுது சாயுமுன் சாப்பிட்டு எழுந்தபோது, அண்ணன் ஏன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா நிமிரவே இல்லை.

"அந்த ஆளோட தங்கச்சி தயாவதியைத்தான் கட்டிப்பேன்னு உங்கண்ணன் ஒத்தைக்கால்ல நின்னுக்கினு இருக்கான். உன்னைக் குடுத்தாதான் அவளைக் குடுப்போம்னுட்டாங்கம்மா. நான் என்னா பண்றது?"

இத்தனை நாளும் அப்பாமேல் கோபமாக இருந்தேன். இப்போதுதான் உன் கடிதம் புரிகிறது. தள்ளுவது எங்கோ தூரத்தில் இருக்கும். நொறுங்குவது விளிம்பு.

தயாவதி நல்ல பெண் என்கிறார்கள். அவளே உனக்கு வாய்க்கட்டும். ஆனால் அண்ணா, நிலத்துக்குத் தள்ளுவதை நிறுத்தத் தெரியாது. உனக்குத் தெரியும். ஒரு தந்தி போதும். உன் பேச்சை அப்பா தட்டமாட்டார்.

குளிர் கடுமை என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொள். தந்தி வந்தால் அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். நீ என்ன எழுதியிருந்தாலும் அப்படியே படிப்பேன்.

உன் தங்கை,
மதனவதி